ஃபோர்டுக்குள் ஹோல்டன்

மார்ச் 3, ஞாயிறு
எழுத்துகள் கோடுகளை விட்டு இறங்கி ஓடுகின்றன. பொறுத்துக்கொள், நோட்டே, ஸ்பானர் பிடித்தே எழுபத்து நான்கு வயதான கை. ஆனால் படிக்கிறேன்! நூலகத்தின் எழுத்தறிவு வகுப்பில் ஐந்து மாதம்.
இன்று எங்கள் ஃபோர்டு கார் சங்கத்தின் படிவத்தை நானே படித்தேன். பதினோரு வருடமாக, தலைவர் க்ளாரி விரல் வைத்த இடத்தில் பெயரை வரைந்து கொடுத்த படிவம். "என் வண்டியும் அதன் எஞ்சினும் ஃபோர்டு என உறுதி கூறுகிறேன்."
என் ஃபோர்டு ஃபால்கனுக்குள் இருப்பது, ஃபோர்டுக்காரர்களுக்கு ஜென்மப் பகையான ஹோல்டன் கம்பெனி எஞ்சின்.

மார்ச் 10
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்பதில் கோபார் ஊருக்கு வெளியே, ரேடியேட்டரில் தண்ணீர் பார்க்காமல் எஞ்சினை எரித்தது நான்தான். அப்போது மனைவி நோலீன் டப்போ நகர ஆஸ்பத்திரியில். பக்கத்து ஆட்டுப்பண்ணையில் கிடைத்தது நொறுங்கிய ஹோல்டன் ஒன்றுதான். அதன் எஞ்சினைப் பொருத்தி, மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தேன். ஹோல்டன் எஞ்சின் என்றதும், "ஓடுதுல்ல?" என்றாள். அவ்வளவுதான்.
அவள் போய் ஆறு வருடம். இப்போது சனிக்கிழமைச் சங்கம்தான் எனக்கு மனித முகம்.

மார்ச் 23, சனி
கூட்டத்தில் எஞ்சின் மாற்றும் பேச்சு வந்தது. க்ளாரி கொதித்தார். "ஃபோர்டுக்குள்ள ஹோல்டனா? அதுக்கு வண்டிய கொளுத்திட்டு நடந்தே போவலாம்யா! என்ன மெர்வ்?"
தலையாட்டினேன். ஆட்டித் தொலைச்சேனே!
"ஈஸ்டர் கண்காட்சில உன் வண்டிதான் முதல்ல. பானட் தாழ் இன்னும் ரிப்பேரா? சரி, மூடியே நிக்கட்டும்."
தாழுக்கு ஒன்றுமில்லை.

ஏப்ரல் 19
கண்காட்சிக்காக வண்டிக் கண்ணாடியில் வைக்கும் விவர அட்டையை எப்போதும் க்ளாரிதான் எழுதுவார். இந்த முறை நானே கேட்டு வாங்கி வந்தேன். வாயால் சொல்லத் துணிவில்லை, எழுதிவிடுகிறேன். ஹோல்டன் — எழுத்துக்கூட்ட வரவில்லை. சமையலறையில் 'கோல்டன் சிரப்' என்ற சர்க்கரைப்பாகு டின் இருந்தது. முதல் எழுத்து மட்டும்தானே வேறு? பார்த்து எழுதினேன்.

ஏப்ரல் 20
க்ளாரி அட்டையைப் படித்தார்.
"எஞ்சின்: கோல்டன்! பாருங்கடா, கிழவன் தங்க எஞ்சின் வச்சிருக்கான்!"
எல்லோரும் சிரித்து முதுகில் தட்டினார்கள். பாழாப்போன டின்! முதல் எழுத்த மாத்த மறந்திருக்கேன்.
தப்பித்துவிட்டேன். பேசாமல் வீட்டுக்குப் போகலாம். யாருக்குத் தெரியும்? — ஆனால் நான் எழுதிய முதல் உண்மை பிழையாகவே நிற்பதா? பேனா வாங்கித் திருத்தினேன். பானட்டையும் திறந்தேன்.
க்ளாரி குனிந்து எஞ்சினைப் பார்த்தார். "யோவ்... நீ எழுதவே கத்துக்கிட்டிருக்க வேணாம்யா."
வண்டியை, ஃபோர்டுகளைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு வெளியே தள்ளினோம். அவரும் ஒரு கை கொடுத்தார். அங்கே ஒரு ஹோல்டன்காரன் எட்டிப் பார்த்து, "எங்க எஞ்சின ஏன்யா ஜெயில்ல போட்டிருக்க?" என்றான்.

ஏப்ரல் 28
சங்கத்தின் கடிதம். யாரையும் கூப்பிடாமல் இரண்டு பக்கமும் நானே படித்தேன். ஃபால்கனுக்கு இடமில்லை. எனக்கு உண்டு. அடியில் க்ளாரி கையால்: "பஸ்ஸுக்கு நிக்காத. சனிக்கிழமை பத்து மணிக்கு வர்றேன். ஃபோர்டுலதான்."
ஃபால்கனுக்குள் உட்கார்ந்துதான் பதில் எழுதினேன். "வருகிறேன்" — இந்த ஒரு சொல்லுக்கே ஒரு மணி நேரம். அவர் வண்டியில் போய்வந்தது எப்படி இருந்தது என்று அடுத்த ஞாயிறு எழுதுகிறேன்.