நீல அட்டைப் புத்தகத்தில் ஏழு வரி

மார்ச் 4

என் வாலுக்குட்டிக்கு,

வேளைக்குச் சாப்பிடுறியா? போன்ல உன் குரலைக் கேட்டாலே, சொல்ல வந்ததை விட்டுட்டு வேற எதையோ சொல்லி வெச்சுடறேன். அதான் எழுதறேன். அஞ்சாவதோட நின்னவ, எழுத்துல தப்பு இருந்தா பொறுத்துக்கோ.

பைலட் இன்டர்வியூவுக்கு, பறந்த மணிக்கணக்கு எழுதற லாக்புக் வேணும், பீரோ மேல்தட்டுல இருக்கு, அனுப்புன்னு சொன்னியே. அது அங்க இல்ல. அப்பா கட்டில் பக்கத்து ஸ்டூல்ல இருக்கு.

நீ பரீட்சைப் பயிற்சிக்குத் திரும்பிப் போன மறுநாள் நர்ஸம்மா வந்தாங்க. "காய்ச்சல் எவ்வளவு, எத்தனை மணி நேரம் தூங்கினார், எல்லாத்தையும் தேதி போட்டு எழுதி வைங்கம்மா"ன்னாங்க. கோடு போட்ட நோட்டு தேடினேன், உன் நீல அட்டைப் புத்தகம் கைக்கு வந்துச்சு. தேதிக்கு ஒரு கட்டம், மணிக்கு ஒரு கட்டம், ஓரத்துல அகலமா ஒரு கட்டம். இதுக்குன்னே அடிச்ச மாதிரி இருந்துச்சு. நீ கடைசியா எழுதின வரிக்குக் கீழேயே எழுதிட்டேன். ஏழு நாள், ஏழு வரி.

அப்பா அதைப் பார்த்துட்டு, "நானும் பிளேன்ல ஏறிட்டேன் போல. அவ வந்து உன்னைத் திட்டப் போறா"ன்னு சிரிச்சார். சிரிச்சதும் இருமல் வந்துடுச்சு.

பக்கத்து வீட்டுத் தையல்கார அக்கா, "அந்தத் தாளைக் கிழிச்சுடு, யாருக்குத் தெரியப் போகுது"ங்கறா. கிழிக்கட்டுமா? வெள்ளை மை தடவட்டுமா? நீ சொல்ற வரைக்கும் தொடமாட்டேன்.

உன் அம்மா

---

மார்ச் 8

அம்மா,

கிழிக்காதே. மை தடவாதே. ஒவ்வொரு தாளுக்கும் நம்பர் இருக்கு. ஒண்ணு குறைஞ்சாலும், பறக்காத மணியைப் பறந்ததா எழுதிட்டு மறைக்கிறேன்னு நினைப்பாங்க.

வீட்ல வேற நோட்டே இல்லையா? என் பள்ளிக்கூட நோட்டெல்லாம் பரண்ல மூட்டையாக் கிடக்குதே. சின்னச் சின்ன ஊருக்குப் பறக்கிற கம்பெனிதான், ஆனா நாலே இடம், அறுபது பேர் வர்றோம். மூணு வருஷமா இதுக்காகத்தான் காத்திருக்கேன்னு உனக்குத் தெரியாதா?

தப்பா எழுதினதை ஒரே கோட்டால அடிச்சு, பக்கத்துல கையெழுத்துப் போடணும். அதுதான் விதி. நானே போட்டுக்கறேன். அப்படியே அனுப்பு.

மகள்

---

மார்ச் 11

வாலு,

துணியில சுத்தி, அட்டைப் பெட்டியில வெச்சு அனுப்பிட்டேன். கூரியர்காரன் தூக்கிப் போட்டான். "மெதுவா வைப்பா"ன்னேன். "உள்ள கண்ணாடியா?"ன்னான். என்னன்னு சொல்றது.

ஒண்ணு மட்டும் கேளு. அடிக்கும்போது படிக்காம அடி.

அம்மா

---

மார்ச் 20

அம்மா,

படிச்சுட்டேன்.

ஆறு வரியைக் கைபோன போக்குல அடிச்சேன். ஏழாவது வரியில ஓரக் கட்டத்துல எழுதியிருக்கே: "வாலு பரீட்சை முடிஞ்சுதான்னு கேட்டார். மத்தியானம் 2.10 மூச்சு நின்னுது." ஸ்கேலை வெச்சேன். பேனாவை வெச்சேன். கை நகரல. அப்படியேதான் கொண்டு போனேன்.

இன்டர்வியூல ஒரு வயசான கேப்டன் புத்தகத்தைப் புரட்டினார். "ஆறு வரியை அடிச்சிருக்கீங்க, இதை ஏன் அடிக்கல?"ன்னார். "தப்பா எழுதினதைத்தானே சார் அடிக்கணும்"னேன். அவர் புத்தகத்தை மூடி என் பக்கமாத் தள்ளினார். அவர் பக்கத்துல இருந்த பெண் அதிகாரி, பிளேன் மேல ஏறும்போது ஒரு இன்ஜின் நின்னா முதல்ல என்ன செய்வீங்கன்னு கேட்டாங்க. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். அன்னிக்குப் பதில் வாயில வரல. வந்தப்போ அவங்க அடுத்த கேள்விக்குப் போயிட்டாங்க.

பத்து நாள்ல வீட்டு விலாசத்துக்குக் கடிதம் வருமாம்.

அப்பா என்னைக் கேட்டிருக்கார். பரீட்சை காலையிலேயே முடிஞ்சுடுச்சும்மா. ஏன் என்னைக் கூப்பிடல?

வாலு

---

மார்ச் 31

வாலு,

ஏன் கூப்பிடலன்னு கேட்டியே, அன்னிக்கு போனைக் கையில எடுத்தேன். அப்பா என் மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டார். "பரீட்சை முடியட்டும், அவளே போன் பண்ணுவா"ன்னார். முடிஞ்சிருக்கும்னு எனக்குத் தெரியல. அந்தப் பிடியில பலமே இல்லடி. உதறியிருந்தா விட்டிருப்பார். நான் உதறல.

கம்பெனிக் கடிதம் வந்து மூணு நாளாச்சு. மெல்லிசா இருக்கு. எனக்கு இங்கிலீஷ் தெரியாது, மேல உன் பேர் மட்டும் தெரியுது. தையல்கார அக்கா வெளிச்சத்துல பிடிச்சுப் பார்க்கறேன்னு கை நீட்டினா. கொடுக்கல. போன்ல படிச்சுக் காட்டவும் ஆள் பிடிக்கல. அப்பா கட்டில்மேல, தலையணைக்குப் பக்கத்துல வெச்சிருக்கேன். வீடு கூட்டும்போதெல்லாம் அதைச் சுத்திச் சுத்தி வர்றேன்.

அது நல்லதோ கெட்டதோ, உனக்கு முன்னாடி நான் தெரிஞ்சுக்க மாட்டேன். போன தடவை ரெண்டு மணி பத்துல இருந்து, பரீட்சை முடிஞ்சு நீயா பஸ் ஏறி வந்து சேர்ற வரைக்கும், அப்பா போனதை நான் ஒருத்தியே தெரிஞ்சு வெச்சுக்கிட்டு இருந்தேன்.

அன்னிக்குக் கூப்பிடல. இப்போ கூப்பிடறேன். வா.

உன் அம்மா