சமையலறைப் பக்கத்து ஸ்பீக்கர்

லெம்விக்,
மார்ச் 3

அன்பு மகள் ரிக்கேவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் சுகம்தான், முழங்கால் மட்டும் குளிருக்கு மக்கர் பண்ணுகிறது. நூக்கில் பனி எப்படி, நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதுதான் தினமும் என் நினைப்பு. அம்மா போய் இன்றோடு ஐந்து மாதம்.

உன் தம்பி ட்ரோல்ஸ் போன மாதம் வந்து கூடத்தில் ஐந்து ஸ்பீக்கர் மாட்டி, ஒலியைப் பிரிக்கிற ஒரு பெட்டியையும் வைத்தான். தேவாலயப் பாடகர் குழுவில் அம்மா பாடியதை நான் டேப்பில் பிடித்து வைத்திருந்தேன் அல்லவா, அதை இவனுடைய பெட்டி நாலா பக்கமும் பிரித்துக் கொடுக்குமாம். "ரெண்டு ஸ்பீக்கர்ல கேக்குறது ஜன்னல் வழியா எட்டிப் பாக்குற மாதிரிப்பா, இதுல நீங்க உள்ளயே உக்காந்திருப்பீங்க" என்றான். எனக்கு அது பிடிக்கவில்லை. அம்மாவுக்கு வலது காது கேட்காது, மற்றவர்கள் பாடுவது இடது காதில் விழவேண்டும் என்று, எதிரே இருந்து பார்த்தால் எப்போதும் இடது ஓரத்தில்தான் நிற்பாள். பழைய செட்டில் அவள் குரல் ஜன்னலோர ஸ்பீக்கரில்தான் வரும், கண்ணை மூடி அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வேன். இவன் பெட்டியிலோ நடுவிலும் அவள், முதுகுக்குப் பின்னாலும் அவள், எந்தப் பக்கம் என்று நான் திரும்புவது? ஆசையாகச் செய்த பிள்ளையிடம் குறை சொல்ல மனம் வரவில்லை.

பாட்டு முடிந்ததும், ஒத்திகைக்குப் பிறகு எல்லோரும் காபிக்கு உட்காரும்போது, "போதும் ஐவின், மெஷின நிறுத்திட்டு வா, காபி ஆறுது" என்று டேப்பில் அம்மா கூப்பிடுவாளே, அதைப் பெட்டி சமையலறைக் கதவோர ஸ்பீக்கருக்கு அனுப்பிவிட்டது. நான் "இதோ வர்றேன்" என்று எழுந்து சமையலறை வரைக்கும் போய்விட்டேன் ரிக்கே. அங்கே அடுப்புகூட மூட்டியிருக்கவில்லை. பின்னாலேயே வந்த ட்ரோல்ஸ், "தப்புப் பண்ணிட்டேன்பா" என்று அழுதான். அப்போதே மூன்று ஸ்பீக்கரைக் கழற்றிக் காரில் போட்டுக்கொண்டு போனவன்தான், இன்னும் இந்தப் பக்கம் வரவில்லை.

இப்போது அம்மா பழையபடி ஜன்னலோரம் நிற்கிறாள். நான் டேப்பில் பிடித்தது அதுதான், அதுதான் நிஜம், பெட்டி செய்தது பொய் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் காபிக்குக் கூப்பிடுவதும் ஜன்னல் பக்கமிருந்துதான் வருகிறது, நான் எழுந்திருப்பதில்லை.

கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன், பெட்டியில் பூட்டி வைக்காமல் போட்டுக்கொள். எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்கவேண்டும். மறக்காமல் தம்பிக்குப் போன் செய், திட்டாதே, அப்பாவுக்குக் கோபமில்லை என்று சொல். பாட்டுக்கு இரண்டே போதும். சமையலறைப் பக்கத்து ஸ்பீக்கரை மட்டும் திரும்பக் கொண்டுவரச் சொல்லம்மா, என் வாயால் கேட்க வெட்கமாக இருக்கிறது.

உன் அப்பா,
ஐவின்