சக்கரம் மட்டும் பின்னால் போனது

அன்புள்ள பெலே,

முதலில் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை ஆக்லாந்து நடைபாதையில் குப்புறப் படுத்திருந்தேன். யாரோ ஒரு அம்மாள் ஆம்புலன்ஸையே அழைத்துவிட்டாள். பயப்படாதே, குடிக்கவில்லை. ஓடும் பஸ்ஸின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் முழங்கால் வலி தேவலையா? அத்தைக்கு என் வணக்கம்.

எல்லாம் டிவி விளம்பரத்துக்காக நான் கம்ப்யூட்டரில் வரைந்து ஓடவிட்ட பஸ்ஸால் வந்தது. அது தேறினால்தான் என் வேலை நிரந்தரம். முதலில் போட்டுக் காட்டியதும் பஸ் கம்பெனி முதலாளி ட்ரெவர் கேட்டார்: "என்னய்யா ஃபிலிப்போ, பஸ் முன்னால போகுது, சக்கரம் பின்னால சுத்துதே?"

"வரைஞ்ச ஆளு மாதிரியே அதுக்கும் வீட்டு ஞாபகம்" என்றாள் எங்கள் மேலாளர் பிரான்வின்.

வேகம் காட்டும் ஆசையில் அளவுக்கு மீறிச் சுழற்றிவிட்டேன். நொடிக்கு இருபத்தைந்து படங்கள் ஓடுகிறதல்லவா, சக்கரத்தைச் சுற்றியுள்ள துளைகளில் ஒன்று, அடுத்த படத்தில் தனக்கு முன்னிருந்த துளையின் இடத்தை எட்டாமல் சற்றுப் பின்தங்கி நின்றது. கண் அதையே பழைய துளையென்று நம்பிவிட்டது.

நடைபாதையில் படுத்தபோதுதான் புரிந்தது: நிஜச் சக்கரத்தில் துளையே தெரிவதில்லை, மங்கலான வளையம்தான். ஆபீசுக்கு ஓடிப்போய் என் படத்திலும் துளைகளை இழுத்து மங்கலாக்கினேன். பெலே, என்னமாய்ப் பாய்ந்தது தெரியுமா!

"ஏறி உக்காந்துடலாம் போலிருக்கேய்யா!" என்று ட்ரெவர் கைதட்டினார். வேலை நிரந்தரம்!

நம் ஊர்க் கொக்கோ கொஞ்சம் அனுப்பு. சேவல் கூவுவதையும் போனில் பதிந்து அனுப்பு, அலாரத்துக்குத்தான், வேறொன்றுமில்லை. பஸ் வந்துவிட்டது, முடிக்கிறேன்.

உன்,
ஃபிலிப்போ

பி.கு.: நேற்று விளம்பரம் டிவியில் வந்தது. சக்கரங்களே தெரியாதபடி அவற்றின் மேல் தொலைபேசி எண் போட்டிருக்கிறார்கள்.