மேஜருக்கு மூட்டை கட்டினேன்

ஜூன் 2, திங்கள்

துவைத்துக் காயப்போட்ட போர்வையைக் கொடியிலிருந்து இழுத்து, அதன் மேலேயே படுத்திருந்தது நாய். மறுபடி துவைத்தேன். "சின்னப் பிள்ளை மாதிரிதானே" என்றார் அவர், செய்தித்தாளை இறக்காமலே. சின்னப் பிள்ளையை நானும் வளர்த்திருக்கிறேன். அது இப்போது வெளியூரில் வேலை பார்க்கிறது, வாரம் ஒருமுறை போன் பண்ணுகிறது. இது என்ன பண்ணும்?

டாக்டர் இவரை நடக்கச் சொன்னார். நடக்கத் துணை வேண்டும் என்று நாய் வாங்கினார். மேஜர் என்று பெயர் வைத்தார். எந்தப் பட்டாளத்துக்கு? கொஞ்ச நாளிலேயே இவருக்கு முழங்கால் வலி வந்துவிட்டது. இப்போது காலையும் மாலையும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போவது நான். இந்த வீட்டில் என் முழங்காலுக்கு மட்டும் வலிக்க அனுமதி இல்லை.

ஜூன் 4, புதன்

மாடிப்படியில் மாடி வீட்டம்மா நிறுத்தி, "என்ன, சனியன் சாப்பிட்டுச்சா?" என்று சிரித்தாள். தூக்கிவாரிப் போட்டது. என் வாயில் அந்த வார்த்தை அவ்வளவா வருகிறது?

யோசித்தேன். வருகிறது. சோறு வைக்கும்போது "வா சனியனே." கதவைத் திறந்தால் "போ சனியனே." கடவுள் பெயரைச் சொல்லி எழுந்த அதே வாய். நாமம் வரவு, வசவு செலவு என்று எழுதிப் பார்த்தால் நான் திவால்.

சாயங்காலம் பிரார்த்தனையில் சத்தியம் செய்துவிட்டேன். இனி அந்த வார்த்தை என் வாயில் வராது. இங்கே எழுதியதே கடைசி.

ஜூன் 7, சனி

கூப்பிட்டால் வருவதில்லை. "மேஜர், வா" என்று மரியாதையாகத்தான் கூப்பிடுகிறேன். காதைக்கூட அசைக்காமல் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறது. தட்டை மூக்குக்கு நேரே தள்ளினால்தான் எழுகிறது.

திமிர். எசமானைப் பார்த்துக் கற்றுக்கொண்ட திமிர். இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவது மனிதர்கள் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

ஜூன் 8, ஞாயிறு

கொழுந்தன் வந்தான். அண்ணனைப் போல இல்லை, தோட்டத்தோடு வீடு, கார், விடுமுறை என்றால் மலையேற்றம். முகத்துக்கு நேரே கேட்டுவிட்டேன், இந்த நாயை நீ கூட்டிக்கொண்டு போகிறாயா என்று.

"நிஜமாவா அண்ணி? அப்புறம் அழக் கூடாது."

"அழறதுக்கு எனக்கு வேற காரணம் நிறைய இருக்குப்பா."

அடுத்த ஞாயிறு எல்லோரும் மலைக்குப் போவது, மேஜரும் ஏறுவது, இறங்கியதும் அப்படியே அவன் காரில் அவன் வீட்டுக்கு. இப்படி முடிவாயிற்று. இவர் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். ஆறிப் போன பிறகும் ஆற்றிக்கொண்டிருந்தார்.

பேச வேண்டிய நேரத்தில் டீ ஆற்றுகிற மனுஷன்.

ஜூன் 11, புதன்

கொழுந்தன் ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறான். எல்லாம் நாய்க்கு! முதுகில் மாட்ட இரண்டு பக்கமும் தொங்கும் பை. நாலு காலுக்கும் ரப்பர் செருப்பு. மடித்தால் தட்டையாகிவிடும் தண்ணீர்க் கிண்ணம். மழைக்கோட்டு. கல்யாணத்துக்கு எனக்கே இவ்வளவு சீர் வரவில்லை.

செருப்பை மாட்டிவிட்டேன். சுடுகிற தரையில் நடப்பதுபோல ஒவ்வொரு காலாக உதறி உதறிக் கூடம் முழுக்க நடந்தது. இவர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் இவர் முன்னால் சிரிக்கவில்லை. உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு சிரித்தேன்.

ஜூன் 13, வெள்ளி

பகை வேறு, வேலை வேறு. மூட்டை கட்டினால் ஒழுங்காகக் கட்ட வேண்டும்.

பை ஒரு பக்கம் சரிந்தால் நாய் கோணிக்கொண்டு நடக்கும். அதனால் இரண்டு பக்கத்தையும் சமையலறைத் தராசில் வைத்தேன். இடது பக்கம் தண்ணீர் பாட்டில், கிண்ணம். வலது பக்கம் இன்னொரு பாட்டில், தின்பதற்கு, பஞ்சு, புண்ணுக்கு மருந்து, உண்ணி பிடுங்க இடுக்கி. வலது கனத்தது. இடுக்கியையும் மருந்தையும் இடது பக்கத்துக்கு மாற்றினேன். முள் நடுவில் நின்றது.

"ரெண்டு பாட்டில் எதுக்கு? மலையில ஓடை இருக்கு" என்றார்.

"ஓடை என்ன உங்க தம்பி வீட்டுக் குழாயா, போனதும் திறந்து விட?"

நாய் மேல் மாட்டி வாரை இறுக்கினேன். சிக்கென்று நின்றது. பையின் முதுகில் உறுதியான வளையம் ஒன்று இருந்தது. கயிற்றின் கொக்கியை அதில் மாட்டிப் பார்த்தேன். அதுதான் சரி. கழுத்துப்பட்டையில் மாட்டினால் ஏற்றத்தில் கழுத்து இறுகும்.

பிறகு இன்னொரு பை, கொழுந்தன் காருக்கு. அதன் தட்டு, தடுப்பூசி அட்டை, அந்தக் கிழிந்த போர்வை. மூட்டை கட்டி அனுப்புவது என்பார்களே, அதுதான். இவர் கதவு நிலையில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"போர்வையுமா?"

"அது மட்டும் எனக்கு எதுக்கு?"

ஜூன் 15, ஞாயிறு

கிளம்பப் போகிறோம். நாய் எல்லோருக்கும் முன்னால் வாசலில் நிற்கிறது, பையும் செருப்பும் மாட்டிக்கொண்டு. எங்கே போகிறோம் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை.

ஜூன் 16, திங்கள்

நேற்று நடந்ததை இன்றுதான் எழுதுகிறேன்.

பாதி மலை வரை குறையில்லை. இவர் முழங்கால்கூட அன்றைக்கு வலிக்கவில்லை. நாய் சுமந்த தண்ணீரை நாய் பாதியும் கொழுந்தன் பாதியும் குடித்தார்கள். அவன் தன் பாட்டிலைக் காரிலேயே விட்டு வந்திருந்தான். தின்பதும் தீர்ந்தது. பை இளைத்துப்போனது. நிறைந்த பைக்கு நான் இறுக்கிய வார் காலிப் பைக்குத் தொளதொளவென்று ஆகும் என்று எனக்குத் தோன்றவில்லை. யாருக்கும் தோன்றவில்லை.

மூடுபனி இறங்கியது. புதரிலிருந்து ஏதோ பறவை படபடவென்று கிளம்ப, நாய் மிரண்டு பின்னுக்கு இழுத்தது, உதறியது, பையிலிருந்து உருவிக்கொண்டு ஓடியே விட்டது. இவர் கையில் கயிறு. கயிற்று நுனியில் பை. சாமான் எல்லாம் எங்களிடம் இருந்தது. நாய்தான் இல்லை.

கொழுந்தன் பையைத் தூக்கிப் பார்த்தான். "என்ன அண்ணி, இது கையால தூக்கறதுக்கு வச்ச வளையம். கயிறைக் கழுத்துப்பட்டையிலதானே மாட்டணும்?"

ஒரு பக்கம் சரிவு. அடி தெரியவில்லை, வெறும் வெள்ளை. "மேஜர்! மேஜர்!" இவர் தொண்டை கட்டும் வரை கூப்பிட்டார். கொழுந்தன் விசில் அடித்தான், கைதட்டினான். சத்தமே இல்லை. கீழே ஒரு கல் உருண்டது. பிறகு அதுவும் இல்லை.

இவர் என் பக்கம் திரும்பினார்.

"இப்ப திருப்தியா உனக்கு? வேணும்னேதானே அதுல மாட்டினே?"

வேணும்னே! தராசில் வைத்துக் கட்டினேனே, முள் நடுவில் நிற்கும் வரை மாற்றி மாற்றி வைத்தேனே, அந்தக் கையைப் பார்த்து வேணும்னே!

"சனியனே!" என்று கத்தினேன். "யாரைப் பாத்து வேணும்னேங்கறே? வாங்கினது நீ, பேர் வச்சது நீ, ஒருநாள் சோறு வச்சிருப்பியா சனியனே!"

கட்டிய நாளிலிருந்து 'ஏங்க' என்பதைத் தவிர வேறு அறியாத வாய். மலை அதை வாங்கி இன்னொரு தடவை சொன்னது.

கீழே புதர் சலசலத்தது. பாய்ந்து பாய்ந்து ஏறி வந்தது நாய். ஒரு காலில்தான் செருப்பு. 'மேஜர், மேஜர்' என்று கையை நீட்டியவரைத் தாண்டி நேரே என்னிடம் வந்து, தட்டுக்கு முன்னால் உட்காருவது போல உட்கார்ந்து, அண்ணாந்து பார்த்தது.

அப்படியானால் அந்த நாளெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது திமிரால் இல்லையா? யாரும் அதைக் கூப்பிடவே இல்லையா?

கொழுந்தன்தான் வாயைத் திறந்தான். "அண்ணி, ஒரே ஒரு சந்தேகம். நீங்க கூப்பிட்டது நாயையா, அண்ணனையா?"

இறங்கும்போது கொக்கி கழுத்துப்பட்டையில், கயிறு என் கையில். கொழுந்தன் கார்க் கதவைத் திறந்து இருக்கையைத் தட்டினான். நாய் என் காலுக்குப் பின்னால் போய் நின்றது. உள்ளங்காலில் தோல் உரிந்து ரத்தம்.

"புண் ஆறட்டும். அப்புறம் கூட்டிட்டுப் போ" என்றேன். போர்வைப் பையை அவன் காரிலிருந்து நானே எடுத்துக்கொண்டேன். கனமாகத்தான் இருந்தது. இவர் வாங்க வரவில்லை.

ஜூன் 18, புதன்

அவர் பேசவில்லை. நானும்.

சத்தியத்தைப் பற்றிக் கடவுளிடம் நீண்ட நேரம் வாதாடினேன். வசவாகச் சொன்னால்தானே குற்றம், பெயராகச் சொன்னால்? நாய் மட்டில் வழக்கு எனக்குச் சாதகம். இன்னொருவர் மட்டில் தீர்ப்பு இன்னும் வரவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

கொழுந்தன் போன் பண்ணினான். "புண் ஆறிடுச்சா அண்ணி? வண்டி எடுத்துட்டு வரவா?"

"இன்னும் ஆறலைப்பா" என்றேன். மிச்சமிருந்த ஒற்றைச் செருப்பைக் கவ்விக்கொண்டு படியில் ஏறி இறங்கி ஓடிக்கொண்டிருந்தது அது. கடவுள் மன்னிக்க வேண்டும், இதையும் சேர்த்து.

மதியம் சோறு வைத்துவிட்டுக் கூப்பிட்டேன். இப்போதெல்லாம் அந்த வார்த்தையைச் சொன்னால் வீட்டில் இரண்டு தலை நிமிர்கிறது. ஒன்று ஓடி வருகிறது. இன்னொன்று செய்தித்தாளை இறக்கிப் பார்த்துவிட்டு, மறுபடி ஏற்றிக்கொள்கிறது.

நான் விளக்கம் எதுவும் சொல்வதில்லை.