பதினாலு மட்டைச் சென்றிகள்

பலெர்மோ
08.02.1998

அன்பின் மலருக்கு,

உம்முடைய யாக்கோபு உயிரோடும் தொந்தியோடும் இருக்கிறேன். அகதி முகாமில் நீரும் பிள்ளை மொனிகாவும் காய்ச்சல் தடிமன் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் ஞாயிறு பூசையில் என் ஒரே மன்றாட்டு.

உமது கடிதம் நேற்றுக் கிடைத்தது. சோதனைச் சாவடியில் பையைக் கிளறி, என் போன கடிதத்தை எடுத்தார்களாமே. தமிழ் வாசிக்கத் தெரிந்த அதிகாரி, உன்ரை மனுசன் எங்கை சென்றி, காவலரண் கட்டுறான், ஆருக்குக் கட்டுறான் என்று மூன்று மணித்தியாலம் கேட்டாராமே. அவர் வீட்டு வேலைதான் செய்யிறவர் ஐயா என்று நீர் அழ, அப்ப இதென்ன என்று கடிதத்தை முகத்துக்கு நேரே ஆட்டி, கொழும்பு போகிற பாஸையும் மறித்துவிட்டாராமே.

பிழை முழுக்க என் பேனாவில். நான் எழுதியது மனப்பாடமாகவே இருக்கிறது: மதில் நெடுகச் சென்றி போடுறம், பதினாலு முடிஞ்சுது, எங்கடை கண்ணிலை படாமல் ஒருத்தரும் கடக்கேலாது. இப்போது வாசித்தால் என்னை நானே பிடித்து அடைத்துவிடுவேன்.

எல்லாம் ஏர்னஸ்றால் வந்த வினை. இங்கே பல்லரோச் சந்தைக் கடையில் கோப்பை கழுவுகிறவன், ஓட்டல் மனேச்சர் என்று வீட்டுக்கு எழுத, அவன் மனைவி ஸ்ரெல்லா அதை முகாம் முழுக்க வாசித்துக் காட்டினா என்று நீர்தானே எழுதினீர். எனக்கு ரோசம் வந்து, விளையாட்டுச் சாமானைப் பெரிய கட்டட வேலை போல எழுதிவிட்டேன்.

உண்மை இதுதான். நான் பார்க்கும் கிழவர் ஓய்வுபெற்ற பேராசிரியர். குளிப்பாட்டி, சூப் பருக்கி முடிந்தால், இருவரும் மேசையடியில் குந்திவிடுவோம். ஆயிரத்து எண்ணூறு வருடத்துக்கு மேல் போன கதை: இங்கிலாந்தின் வடக்கே ரோமர் எல்லை மதில் கட்டி, மைலுக்கொரு சின்னக் கோட்டையும், இடையில் இரண்டிரண்டு காவற்கோபுரமும் வைத்தார்களாம். அதை அவர் காகித மட்டையில் சின்னதாகச் செய்கிறார். வெட்டுவது, ஒட்டுவது, விரலை வெட்டிக்கொள்வது நான். அவர் தொரெத்தா என்பார். சின்னக் கோபுரம். நாலு பேர் ஏறி நின்று, வாற போற சனத்தைப் பார்க்கிற இடம். எங்கள் ஊரில் பிறந்தவனுக்கு அதற்குச் சென்றியைத் தவிர வேறு சொல் வாயில் வருமா?

உமது கடிதம் வந்த பிறகு அவரிடம் கேட்டேன். ஒரு பெண் பிள்ளையோடு வந்தால் அந்த மதிலைக் கடக்க எதைக் காட்ட வேண்டும்? அங்கே சமைத்த அடுப்பு கிடைத்திருக்கிறது, விளையாடிய பலகை கிடைத்திருக்கிறது, இதைப் பற்றி மட்டும் ஒரு துண்டும் கிடைக்கவில்லை என்றார். பிறகு வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்தார்.

உங்களைக் கூப்பிடும் அனுமதிக் கடிதம் மார்ச் முப்பத்தோராம் திகதியோடு செத்துவிடும். அதற்குள் நீர் கொழும்புத் தூதரகத்தில் நிற்க வேண்டும். குவெஸ்தூராவில், அதுதான் வெளிநாட்டார் அலுவல் பார்க்கிற பொலிஸ் கந்தோரில், விடிய வரிசையில் நின்று கேட்டேன். நாள் நீட்ட வழியில்லையாம். பங்குச் சுவாமியிடம் கடிதம் வாங்கு என்று என்னோடு அறையில் இருக்கிற விக்னராஜா சொன்னார். வாங்கினேன். நல்ல அழகான இத்தாலியன். சாவடியில் யாருக்கு வாசித்துக் காட்டுவீர்? இங்கிருந்து நான் செய்யக்கூடியது இன்னொரு கடிதம் எழுதுவதுதான். அதையும் இப்போது ஒவ்வொரு சொல்லாகத் திருப்பி வாசித்துத்தான் எழுதுகிறேன்.

மலர், இதை உமக்கு முன்னம் வாசிக்கப் போகிறவரோடு கொஞ்சம் கதைக்கிறேன், குறை நினைக்காதேயும்.

ஐயா, வணக்கம். உள்ளே படம் இருக்கிறது. பதினாலும் காப்பிக் கோப்பையை விட உயரம் குறைவு. பக்கத்தில் இளிப்பவன் நான். என் பொய்க்கு என்னைக் கேளுங்கள். அந்த மதிலுக்குச் சிரியாவிலிருந்துகூட ஆட்களைக் கொண்டுபோய்க் குளிரில் நிறுத்தினார்களாம். உங்களுக்கும் வீடு தூரமாகத்தான் இருக்கும். வாசலில் ஒருத்தி நாள் எண்ணிக்கொண்டிருப்பா. நீங்கள் முழுசாக அவவிடம் போய்ச் சேர, இந்த விசரன் தினமும் மன்றாடுவான்.

உங்கள் இருவருக்கும் பணிவுடன்,
யாக்கோபு