தூக்காதீங்கன்னு கத்துறவளா ஆயிட்டேன்

எதுக்கெடுத்தாலும் "வுடு புள்ள"ன்னு சொல்ற என் வூட்டுக்காரருக்கு,

நாளைக்கு உங்க ரெண்டாம் வருசத் தெவசம். நம்ம ஊரு சனம் இன்னும் திருந்தல. நேத்து மேலத்தெரு பழனி தகர சீட்டு மாத்தப் போயி கூரையிலேர்ந்து வுழுந்துட்டாரு. நான் ஓடுறதுக்குள்ள பத்து பேரு. "அக்குள்ல கை குடு, நடக்க வையி, சரியாப் பூடும்"ங்கிறான் ஒருத்தன். இன்னொருத்தன் பைக்கை ஸ்டார்ட் பண்ணிட்டான், நடுவுல ஒக்கார வச்சு வேப்பந்தட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறானாம். மனுசனா, மூட்டையா?

"எவனாச்சும் தொட்டீங்க, நடக்கறதே வேற!"ன்னு கத்துனேன். பழனி கழுத்து வலிக்குதுன்னு அழுவுறாரு. இவனுங்க "ஒனக்கென்னம்மா தெரியும்"ங்கிறானுங்க. எனக்கா தெரியாது? மக்காச்சோள லோடு மேலேர்ந்து நீங்க வுழுந்தப்பவும் கழுத்துதானே வலிச்சுது? பைக்ல ஒக்காந்து போனீங்க, பெரம்பலூர் போறதுக்குள்ள காலு மரத்துப் போச்சு. உசுரோட வூடு திரும்பல. "அசைக்காம தலையப் புடிச்சுக்கிட்டு ஆம்புலன்ஸக் கூப்புட வேண்டியதுதானே? யாரு தூக்குனது?"ன்னு டாக்டர் கத்துனாரு. வண்டி ஓட்டுன உங்க தம்பி முருகேசன் தலையக் குனிஞ்சான். அன்னையிலேர்ந்து அண்ணனைக் கொன்னவன்னுதான் ஊரு அவனைச் சொல்லுது.

நேத்து கூட்டத்த வெலக்கிட்டு வந்தது அவன்தாங்க. மண்ணுல முட்டி போட்டு, பழனி தலைய ரெண்டு கையாலயும் ஆடாமப் புடிச்சான். கையில எறும்பு ஏறுது, ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் எடுக்கல. வந்தவங்க கழுத்துக்குப் பட்டை போட்டாங்க. நாலு பேரா ஒரே நேரத்துல ஒருக்களிச்சுத் திருப்பி, அடியில பலகையச் சொருவித் தூக்குனாங்க. பழனிக்குக் கால் வெரலு அசைஞ்சுது. அவ்வளவுதான் வேலை, அதுக்குக் கூடவா பொறுமை இல்ல?

முருகேசன் என் மொகத்தப் பாக்காமலே போயிட்டான். எனக்கு எரிச்சல் அவன் மேல இல்ல, உங்க மேல. ஆம்புலன்ஸக் கூப்புடலாம்னுதானே அவன் சொன்னான்? "ஒண்ணும் இல்லடா, வண்டிய எடு"ன்னு அவசரப்படுத்துனது யாரு?

ஆனா உங்களை மட்டும் சொல்லி என்னத்த ஆவப் போவுது. சோளக் காட்டுல அன்னைக்கு நாம மூணு பேருதான். உங்களை அக்குள்ல புடிச்சுத் தூக்கி, காலை வண்டிக்கு அந்தப் பக்கம் போட்டது நான். முருகேசன் இன்னை வரைக்கும் ஒருத்தருகிட்டயும் மூச்சு வுடல. நானும் வாயத் தொறக்கல. எப்படிங்க இருந்தேன் ரெண்டு வருசமா?

இத "வுடு புள்ள"ன்னு சொல்லாதீங்க. நாளைக்குப் பங்காளிங்க எல்லாம் வருவாங்க, அவன் போன வருசம் மாதிரி வாசல்லயே நிப்பான். கையப் புடிச்சு உள்ள கூட்டியாந்து, எல்லாரு முன்னாடியும் சொல்லிடறேன்.

இப்படிக்கு,
அன்னைக்கு உங்களைத் தூக்கி வுட்ட உங்க பொண்டாட்டி