ஆக்கிப் பார்த்த அரிசி

ஆடி மாதம், வெள்ளிக்கிழமை இரவு. பிரிக்பீல்ட்ஸ்.

எங்கள் கொள்முதற் பிரிவில், தோட்டத் தொழிலாளர்க்கு வாங்கும் அரிசியின் மாதிரியை உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பார்கள், உடனே ஒப்பமிடுவார்கள். ஒருவரும் ஆக்கிப் பார்த்ததில்லை. இன்று நான் ஆக்கினேன். நண்பகலில் தலைமை எழுத்தர் கந்தையர் முன் இலை விரித்து அந்தச் சோற்றை இட்டேன். மக்கிய நாற்றம் அறையெங்கும் பரவியது.

"என்ன காணும் இது?" என்றார்.

"நீங்கள் வாங்கச் சொன்ன அரிசி, ஐயா. ஒரு வாய் உண்டுவிட்டு ஒப்பமிடுங்கள். இனி இதுவே நம் பிரிவின் முறையாகட்டும்."

"இது தோட்டத்துச் சனத்துக்கு வாங்கிறது. நான் ஏன் தின்ன வேணும்? உம்மட மேடைப் பேச்சை இங்க கொண்டு வராதையும்!"

கதவருகே நின்ற ஏவலர் முனியாண்டி, "ஐயாவுக்குப் பசிக்கலயோ என்னமோ, விடுங்கண்ணே" என்றார். அறையே சிரித்தது. கந்தையர் சிரிக்கவில்லை. திங்கட்கிழமைக்குள் மன்னிப்புக் கேட்காவிட்டால் என்னை நகருக்கு வெளியே ரவாங் ஊரிலுள்ள கிடங்குக்கு மாற்றிவிடுவாராம். ஆனால், அந்த அரிசிக்கு அவர் ஒப்பமிடவும் இல்லை.

மன்னிப்புக் கேட்கமாட்டேன். தன்மானக் கூட்டங்களில் மேடையேறி நிமிர்ந்து நின்ற நான் ஒரு நாற்காலிக்கு முன்னால் குனிவதா? இலையில் கிடந்த சோற்றை நானே உண்டேன். வயிறு இன்னும் பொருமுகிறது. அனுப்பட்டும். ரவாங் கிடங்கிலும் அரிசி வந்து இறங்கும். அங்கும் அடுப்பு மூட்டுவேன்.